தாழ்ந்த குரலில் பாடியவர்

அந்த மண்டபத்தில் என் வயலின் எனக்கே கேட்கவில்லை.

பேர்லினிலிருந்து வடக்கே போனால், பிரண்டன்பேர்க் மாநிலத்து வயல்களுக்கு நடுவில் வரும் ஒரு சின்ன ஊர். தீயணைப்புப் படையினரின் ஆண்டு விழா. நீண்ட மேசைகள், பியர்க் கிளாஸ்கள், வாட்டிய இறைச்சியின் புகை. ஆண்களில் பாதிப் பேர் அகன்ற விளிம்புத் தொப்பியும் நுனி கூரிய சப்பாத்தும் போட்டிருந்தார்கள். ஜெர்மனியில் இப்படி ஓர் உலகம் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. கிழமை நாட்களில் அவர்கள் கூரை வேய்பவர்கள், பல் வைத்தியர்கள், வரி அலுவலகத்தில் இருப்பவர்கள். சனிக்கிழமை வந்துவிட்டால் அமெரிக்க மாட்டுக்காரர்களாக மாறிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது கண்ட்ரி இசை. அதைப் பாடுவதற்கு, கறுப்பு ஜீன்ஸ், வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாட்டிய கித்தார் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் அவர்கள் முன்னால் நின்றார்.

முன் மேசையில் இருந்த ஒருவர் எங்களைக் காட்டி ஏதோ சொல்ல, அந்த மேசை முழுவதும் வெடித்துச் சிரித்தது. இரண்டாவது பாட்டுத் தொடங்கியும் சிரிப்பு அடங்கவில்லை. நான் வில்லை அழுத்தினேன். டிரம்ஸ் வாசித்த ஊவே அடியைக் கூட்டினார். பாடகி எங்கள் பக்கம் திரும்பி, வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார். பிறகு குரலைக் குறைத்தார். அடுத்த அடியில் இன்னும் குறைத்தார். மூன்றாவது சரணத்துக்கு வந்தபோது, பக்கத்தில் இருப்பவரிடம் வீட்டு விஷயம் சொல்வது போன்ற ஒரு குரல்தான் மிச்சம் இருந்தது. பின் மேசைக்காரர்கள்தான் முதலில் "ஸ்ஸ்ஸ்" என்றார்கள். அது நடு மேசைகளுக்குப் பரவியது. கடைசியில், சிரித்த மனிதருடைய மனைவியே அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பாட்டு முடிந்தபோது கிளாஸ்கள்கூட அசையவில்லை.

திரும்பி வரும்போது வான் வண்டியில் வைத்துக் கேட்டேன். "அக்கா, உங்களுக்குப் பயமே இல்லையோ?"

"பயமெண்டபடியாத்தான் குறைக்கிறன் தம்பி. கத்தினா என்ர பயம் எல்லாருக்கும் கேட்டிடும்."

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் அந்தப் பக்கத்து மக்களுக்கு யாரென்று தெரியாது. நான் 'அக்கா' என்று கூப்பிடுவதைக் கேட்ட ஊவே, அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டார். கித்தார் வாசித்தவரும் அப்படியே. பிறகு அது சுவரொட்டியில் ஏறியது. 'அக்கா'வும் குழுவினரும். வெள்ளைத் தாடி வைத்த, தாத்தா வயது மனிதர்கள் மேடைக்குக் கீழே நின்று "அக்கா! அக்கா!" என்று கூப்பிடுவார்கள். அவர் திருத்தவில்லை. "எனக்குத் தம்பிமாரே இல்லை. இப்ப பிரண்டன்பேர்க் முழுக்க இருக்கினம்" என்றார்.

என்னை அவர் கண்டுபிடித்தது பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில், ஒரு கல்யாண மண்டபத்தில். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளை வெட்டித் தேய்ப்பது என் தொழில். சின்ன வயதில் ஊரில் முறையாக வயலின் பயின்றிருந்ததால், கோயில் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள். அன்று வாசித்து முடித்து வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நீலச் சேலை கட்டிய ஒரு பெண் வந்து முன்னால் குந்தினார்.

"தம்பி, நல்லா வாசிக்கிறியள். ஆனா ஆரோ துரத்துற மாதிரி வாசிக்கிறியள்."

"சனம் கதைச்சுக்கொண்டிருக்குது அக்கா. அதுக்கு மேலால வாசிக்க வேணுமே."

"ஏன் மேலால? கீழால வாசியுங்கோவன்."

தன் குழுவுக்கு ஒரு வயலின்காரர் தேவை என்றார். அடுத்த சனிக்கிழமை ஊவேயின் வீட்டு நிலவறையில் நடந்த பயிற்சிக்குப் போய்விட்டேன்.

அங்கே போன பிறகு ஒரு சிக்கல். கண்ட்ரி குழுவில் வயலின்காரர் நின்றுகொண்டு, வயலினைத் தோளில் வைத்து வாசிக்க வேண்டும். நான் சம்மணம் கட்டி இருந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்துப் பழகியவன். நின்றால் வயலின் தோளிலிருந்து வழுக்கியது. கித்தார்காரர் முகத்தைச் சுளித்தார். அக்கா மூலையில் கிடந்த ஒரு மரப்பலகைத் தட்டை இழுத்து வந்து, அதன்மேல் ஒரு கம்பளத்தை விரித்தார். "இருங்கோ" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மேடையிலும் எனக்கு அந்தப் பலகை போட்டார்கள். தொப்பி போட்டவர்களுக்கு நடுவில் ஒருவன் சம்மணம் கட்டி இருப்பது ஏதோ ஒரு பெரிய தத்துவம் என்று பார்வையாளர்கள் நம்பினார்கள்.

இந்தக் கண்ட்ரிப் பாட்டு எப்படி அவரிடம் வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். பத்திரிகைக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். போர், அகதி முகாம், கண்ணீர் என்று ஏதாவது வரும் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர் சொல்வது இதுதான்: அவருடைய அம்மான், தாயின் தம்பி, கப்பலில் வேலை செய்தார். விடுமுறையில் வரும்போது கசெற்றுகள் கொண்டு வருவார். அவற்றில் இந்தப் பாட்டுகள் இருந்தன. ஆங்கிலம் விளங்காமலே அவர் அவற்றைப் பாடம் செய்தார். தேவாலயத்துப் பாடகர் குழுவில் உச்சக் குரலுக்கு அவரை எடுக்கவில்லை. "உம்முடைய குரல் எழும்பாது" என்று சொல்லிக் கடைசி வரிசையில் விட்டார்களாம். எழும்பாத குரலுக்கு ஏற்ற பாட்டுகளை அம்மான் கப்பலில் கொண்டு வந்து சேர்த்திருந்தார்.

"பிறகு பாட்டுகள் விளங்கினாப் பிறகுதான் சிரிப்பு வந்தது. ரெயில், மழை, குடிகாரப் புருசன், விட்டிட்டுப் போன காதலி. எங்கட ஊர்க் கதையள்தானே எல்லாம்."

அவருடைய தொழில் பஸ் ஓட்டுவது. பேர்லினின் தெற்குப் பக்கத்தில் ஒரு வழித்தடம். கடைசித் தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அடுத்த பயணத்துக்கு நேரம் வரும்வரை வெறும் பஸ்ஸில் பாடிப் பார்ப்பார். ஒருநாள் நான் அவருடைய பஸ்ஸில் ஏறினேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பின்னால் பையன்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துவிட்டார்கள். ஒரு மூதாட்டி தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அக்கா வண்டியை ஓரமாக நிறுத்தினார். எழுந்து வரவில்லை. ஒலிவாங்கியை எடுத்து, மிகவும் தணிந்த குரலில் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். முன்னால் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பின்னால் ஒருவன் "என்ன சொல்கிறார்? பொறு, என்ன சொல்கிறார்?" என்று கேட்டான். சட்டையைப் பிடித்திருந்தவன் கையை எடுத்துவிட்டுக் காதைக் கொடுத்தான். அக்கா திரும்பவும் சொன்னார். அடுத்த தரிப்பிடம் எது என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தக் குரல் எப்போதும் இதம் தரும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் குழுவில் பாஸ் கித்தார் வாசித்த ஒருவர் இருந்தார். நல்ல கலைஞர். குடித்துவிட்டு மேடைக்கு வரத் தொடங்கினார். ஒரு முறை, பாட்டின் நடுவில், முன் வரிசையில் நின்ற ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமாக ஏதோ ஒலிவாங்கியில் சொன்னார். நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா அவரை மேடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் திட்டு விழும் என்று எதிர்பார்த்தோம். ஒரு சத்தமும் வரவில்லை. அந்த மனிதர் வெளியே வந்தபோது முகம் சுண்ணாம்பு போல் இருந்தது. வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் போனார். பிறகு அவர் வரவேயில்லை. அக்கா என்ன சொன்னார் என்று கேட்கும் துணிவு எங்களுக்கு இருக்கவில்லை.

அவருடைய கணவருக்கு மட்டும் அந்தத் துணிவு இருந்ததா என்றால், அதுவும் இல்லை. நான் அண்ணை என்று கூப்பிடும் அவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். குண்டான, வாய் ஓயாத மனிதர். எங்கள் வானை ஓட்டியவர் அவர்தான். பாட்டுகள் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. "எல்லாம் ஒரே பாட்டுத்தான். அவன் போறான், இவள் அழுறாள், ரெயில் வருது" என்பார். நாங்கள் மேடையில் நிற்கும்போது அவர் வாகனத் தரிப்பிடத்தில் இருந்து கிரிக்கெற் வர்ணனை கேட்பார். ஓட்டுவதும் மோசம். பக்கத்தில் தொழிலே வாகனம் ஓட்டுவதாக உள்ள மனைவி இருக்க, அவர் வளைவுகளில் வேகத்தைக் கூட்டுவார். அக்கா ஒன்றும் சொல்லமாட்டார். முதலில் பேச்சைக் குறைப்பார். பிறகு பேச மாட்டார். பின் இருக்கையில் இருக்கும் எங்களுக்கு வியர்க்கும்.

"தம்பி, இவ ஏசினா எனக்கு ஒண்டுமில்லை" என்று அண்ணை ஒருமுறை பெற்றோல் நிலையத்தில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார். "இவ குறைக்கத் தொடங்கினாத்தான் எனக்குப் பயம்."

ஹம்பேர்க்கிலிருந்து ஒரு தயாரிப்பாளர் வந்தது நாங்கள் சேர்ந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. தொலைக்காட்சியில் ஒரு பெரிய சனிக்கிழமை நிகழ்ச்சி. அதற்கு முதல் ஒரு ஜெர்மன் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். பளபளப்பான சேலை கட்டி, தலையில் தொப்பி வைத்துப் பாட வேண்டும் என்றார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற தயாரிப்பாளர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "இன்னும் பெரிதாக! உங்கள் நாட்டில் நீங்கள் பட்ட துன்பம் எல்லாம் இந்தக் குரலில் வெளியே வரட்டும்!"

"அதற்கு இந்த மைக் போதாது" என்றார் அக்கா ஜெர்மன் மொழியில். தயாரிப்பாளர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

அக்கா மறுத்துவிட்டு வெளியே வருவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் மறுக்கவில்லை. கேட்டபடி பாடினார். தொண்டை நரம்பு புடைக்க, முழு வாத்தியக் குழுவுக்கும் மேலால் பாடினார். அந்தப் பாட்டு ஓடியது. சூப்பர் மார்க்கெற்றில் பால் எடுக்கும்போது கேட்டது. முடி வெட்டும் கடையில் கேட்டது. மண்டபங்கள் நிறைந்தன. கூட்டம் அந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்று கத்தும். அக்கா அதைக் கடைசியாகப் பாடுவார், இருப்பதிலேயே மெல்லிய குரலில். ஏமாந்து எழுந்து போனவர்களும் உண்டு. இருந்தவர்களில் சிலர் கண்ணைத் துடைத்ததை என் பலகையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"பிடிக்காமல் ஏன் அக்கா அப்படிப் பாடினனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஏலுமோ எண்டு பாத்தனான். ஏலும். ஆனா பாடி முடிய என்ர வீட்டில ஆரோ புகுந்து சாமான்களை இடம் மாத்தி வச்ச மாதிரி இருந்தது."

இரண்டாவது பாட்டுக்கு அதே தயாரிப்பாளர் தொலைபேசியில் அழைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா 'இல்லை' என்று சொன்னார். அவர் வற்புறுத்தினார். அக்கா தணித்துச் சொன்னார். இன்னும் தணித்துச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து "ஹலோ? ஹலோ? லைன் போய்விட்டதா?" என்று குரல் வந்துகொண்டேயிருந்தது. அப்படியே முடிந்தது அவருடைய தொலைக்காட்சி வாழ்க்கை.

இந்த வித்தை ஒரே ஓர் இடத்தில் பலிக்கவில்லை. நொய்கெல்னில் ஒரு தமிழ்க் கலை விழாவுக்குக் கூப்பிட்டார்கள். தொலைக்காட்சியில் வந்த மரியாதை. பஸ்ஸின் கடைசித் தரிப்பிடத்தைப் பற்றித் தானே தமிழில் கட்டிய ஒரு பாட்டை அவர் தொடங்கினார். மண்டபத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். றோல்ஸ் பலகாரத் தட்டு வரிசை வரிசையாகப் போனது. பெண்கள் சேலை விலை கதைத்தார்கள். அக்கா குறைத்தார். கதை கூடியது. அவர் இன்னும் குறைத்தார்.

"மைக் வேலை செய்யேல்ல! கூட்டுங்கோ!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். விழாக் குழுவில் இருந்த ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி மேடைக்கு ஏறி, தானே விசையைத் திருகினார். ஒலிபெருக்கி வீரிட்டது. பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். அக்காவால் பாட முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கித்தாரின் மேல் கவிழ்ந்துவிட்டார்.

"எங்கட சனத்துக்கு முன்னால குறைக்கேலாது தம்பி. குறைச்சா, 'நல்லதாப் போச்சு, இனி வடிவாக் கதைக்கலாம்' எண்டு சந்தோசப்படுவினம்."

இனி, அந்தக் கோடைகாலத்துக்கு வருகிறேன்.

வடக்கே ஏரிக்கரையில் ஒரு திறந்தவெளியில் கண்ட்ரி விழா. பெரிய கூடாரம் ஒன்றை அடித்து, உள்ளே மேடை போட்டிருந்தார்கள். எங்கள் முறை பின்னேரம். கூடாரத்துக்குள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், குழந்தைகளும். காலையிலிருந்து புழுக்கம். நாங்கள் தொடங்கும்போது வானம் ஈயம் போல இருந்தது. மூன்றாவது பாட்டில் காற்று வந்தது. கூடாரத்துணி உப்பி உப்பி அடங்கியது. ஆட்களுக்கு அது ஒரு கேளிக்கை; காற்றின் ஒவ்வொரு அடிக்கும் "ஓ!" என்று கூவினார்கள்.

அவர்கள் எங்களைப் பார்த்திருந்தார்கள். நாங்கள்தான் அவர்களுக்குப் பின்னால் பார்த்திருந்தோம். வாசல் பக்கத்துப் பெரிய கம்பம் நிலத்திலிருந்து ஒரு சாண் எழும்பித் திரும்பக் குத்தியதை நான் கண்டேன். அக்காவும் கண்டார். பாட்டை நிறுத்தினார். தன் வழக்கப்படி, மெல்லிய குரலில், எல்லாரும் அமைதியாக வலது பக்கத்தால் வெளியே போங்கள் என்று ஒலிவாங்கியில் சொல்லத் தொடங்கினார். முதல் வரி முடியவில்லை, மின்சாரம் நின்றது. விளக்குகள் அணைந்தன. ஒலிவாங்கி செத்தது. இருட்டுக்குள் ஆட்கள் கைதட்டிச் சீழ்க்கை அடித்தார்கள். இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும்.

அக்கா கித்தாரைக் கழற்றிக் கீழே போட்டார். மேடையின் விளிம்புக்கு வந்தார்.

"எழும்புங்கோ! வெளியால ஓடுங்கோ! விழப்போகுது! ஓடுங்கோ!"

தமிழில். அப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்ததை நான் அறிந்திருக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் கேட்டது இதற்குப் பக்கத்திலும் வராது. அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாத அத்தனை பேரும் எழுந்தார்கள். பிறகு ஜெர்மன் மொழியில் கத்தினார். வலது பக்கத்தைக் கையால் காட்டிக் காட்டிக் கத்தினார். குழந்தைகளைத் தூக்குங்கள் என்று கத்தினார். ஊவே துணியின் கீழ்ப்பக்கத்தைக் கத்தியால் அறுத்து வழி விட்டார். வாகனத் தரிப்பிடத்தில் கிரிக்கெற் கேட்டுக்கொண்டிருந்த அண்ணைக்கு, இடியையும் மழையையும் தாண்டி அந்தக் குரல் கேட்டது. அவர் கூட்டத்துக்கு எதிராக முட்டி மோதி உள்ளே வந்தார். எல்லாரும் வெளியேறும்வரை அக்கா மேடையை விட்டு இறங்கவில்லை. அண்ணைதான் இடுப்பில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் புல்வெளிக்கு வந்த சிறிது நேரத்தில் கம்பம் முறிந்து, கூடாரம் ஒரு பெருமூச்சுப் போலப் படுத்தது.

ஒருவருக்குக் கை முறிந்தது. சிலருக்குச் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

மழையில் நின்றபடி அக்கா என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது. திரும்பவும் முயன்றார். கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டார்.

குரல்நாணில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் வைத்தியர். சில வாரங்களுக்கு ஒரு சொல்கூடப் பேசக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. ஆறிய பிறகும் தழும்பு இருக்கும்.

அதற்குப் பிறகு அக்கா எந்த மேடையிலும் பாடவில்லை. பஸ் ஓட்டத் திரும்பிப் போனார். ஓய்வு பெறும்வரை ஓட்டினார். குழு கலைந்தது. ஊவே டிரம்ஸை நிலவறையிலேயே விட்டிருக்கிறார். அக்காவும் அண்ணையும் இப்போது லைப்சிக்கில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். தொலைபேசியில் அவருடைய குரலைக் கேட்பவர்கள் ஆண் என்று நினைத்து 'ஐயா' போட்டுப் பேசுகிறார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கூடாரத்தில் இருந்த பாதிப் பேருக்கு என்ன நடக்கவிருந்தது என்றே தெரியாது. 'அக்கா' ஏன் பாடுவதை விட்டார் என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் அவரை நினைக்கும்போது முதலில் வருவது மேடை அல்ல. மௌனம் முடிந்த அந்த நாள்.

வைத்தியர் பார்ப்பதற்கு நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். நானும் கூடப் போனேன். வைத்தியர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, இனி மெல்ல மெல்லப் பேசலாம் என்றார். அக்கா தலையை ஆட்டினார். பேசவில்லை. மின்தூக்கியில் பேசவில்லை. சுரங்க ரயிலில் பேசவில்லை. அத்தனை வாரமும் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துத் தனியாகப் பேசிக்கொண்டிருந்த அண்ணை, அன்று வழி முழுக்க வாயே திறக்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தேத்தண்ணி போட்டுக் கொண்டு வந்தார். அக்கா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். கோப்பையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"சீனி கூடிப்போச்சு."

கரகரத்த, தாழ்ந்த, நடுவில் உடைந்த குரல். எங்களுக்குப் பழக்கமில்லாத ஒருவரின் குரல். அக்காவே ஒரு கணம் திகைத்து, யார் பேசியது என்பது போல எங்களைப் பார்த்தார்.

"ஓம், ஓம். கூடித்தான் போச்சு" என்று அண்ணை அவசரமாகக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. அது ஓடிக்கொண்டேயிருந்தது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் அந்தப் பக்கம் காட்டினார். எழுந்து போனேன்.

அண்ணை கோப்பையைக் குழாயின் கீழே பிடித்தபடி நின்றார். தேத்தண்ணி எப்போதோ போய், கோப்பை கண்ணாடி போல மினுங்கியது. அவருடைய கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"கேட்டனீரே தம்பி?" என்றார். "என்னை ஏசுறா."